மெக்டவல் கவுண்டியின் மீடியன் ஹவுஸ்ஹோல்டு வருமானம்: 1979-லிருந்து ஒரே தொடராக எடுக்க முடியுமா?

நீலமலர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மெக்டவல் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) மீடியன் ஹவுஸ்ஹோல்டு வருமானம், அதாவது வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், 1979-லிருந்து எப்படி மாறியது என்று ஒரு வரைபடம் போட வேண்டும். நிலக்கரியை நம்பியிருந்த கவுண்டி. மக்கள்தொகை 2000-இல் 27,329, 2010-இல் 22,113, 2020-இல் 19,111.

2000 சென்சஸ் 16,931 டாலர் என்கிறது. சென்சஸ் பீரோவின் ஏசிஎஸ் (American Community Survey) சர்வேயின் 2006–2010 ஐந்தாண்டுத் தொகுப்பில் 22,154 டாலர். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வந்த ஐந்தாண்டுத் தொகுப்புகளின் பி19013 (மீடியன் ஹவுஸ்ஹோல்டு வருமானம்) அட்டவணையை இறக்கி வைத்திருக்கிறேன். எக்ஸெலில் போட்டால் கோடு சீராக மேலே போகிறது. ஆனால் எஸ்ஏஐபிஇ (சென்சஸ் பீரோவின் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடு) எண்கள் இதோடு ஒத்துப்போகவில்லை. பிஇஏ (அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை) தரும் தனிநபர் வருமானமோ இரண்டையும் விட வேகமாக ஏறுகிறது.

எதை எடுப்பது? விலைவாசியை எந்தக் குறியீட்டால் சரிசெய்வது? ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா, சாம்பிள் ஆட்டமா என்று எப்படிச் சொல்வது? இந்தக் கவுண்டிக்கு ஓராண்டு ஏசிஎஸ் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கரிசல்கணக்கன் பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில். ஓராண்டு ஏசிஎஸ்ஸின் முழு அட்டவணைகள் 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும்தான். 20,000-க்கு மேல் உள்ள இடங்களுக்கு மூன்றாண்டுத் தொகுப்பு என்று ஒன்று இருந்தது. அது 2005–2007-இல் தொடங்கி 2011–2013-ஓடு நின்றுவிட்டது. மெக்டவல் அப்போது அந்த வரம்புக்குச் சற்று மேலே இருந்ததால் பழைய மூன்றாண்டு எண்கள் கிடைக்கும். இப்போதைக்கு ஐந்தாண்டுதான் கதி.

உங்கள் கோடு ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். 16,931 என்பது 1999-ஆம் ஆண்டு வருமானம், 1999 டாலரில். 2000 ஏப்ரலில் கேட்ட கேள்வி அதற்கு முந்தைய காலண்டர் ஆண்டைப் பற்றியது. 22,154 என்பது 2010 டாலரில். நுகர்வோர் விலைக் குறியீடான சிபிஐ-யூ-வின் ஆண்டுச் சராசரி 1999-இல் 166.6, 2010-இல் 218.056. வகுத்தால் 1.3089. 16,931-ஐ அதால் பெருக்கினால் சுமார் 22,160 டாலர். ஆக 31 சதவீத ஏற்றம் என்று தெரிந்தது முழுக்க விலைவாசி. நிஜ வருமானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாக்கி நிற்கும் ஆறு டாலர் எந்தப் பிழை வரம்புக்கும் உள்ளே அடங்கிவிடும்.

அடுத்து தேதி. 2006–2010 என்றால் பலர் புள்ளியை 2010-இல் வைத்துவிடுகிறார்கள். ஏசிஎஸ் மாதந்தோறும் நடக்கிற சர்வே. ஒவ்வொரு வீட்டிலும் "கடந்த 12 மாதத்தில்" எவ்வளவு வந்தது என்றுதான் கேட்பார்கள். 2006 ஜனவரியில் பதில் சொன்னவர் 2005 முழுவதையும் சொல்கிறார். 2010 டிசம்பரில் சொன்னவர் 2009 டிசம்பரிலிருந்து 2010 நவம்பர் வரை. மொத்தம் 71 மாதம், அதன் நடுப்புள்ளி 2007 முடிவை ஒட்டி விழுகிறது. டாலர் மதிப்பு மட்டும் கடைசி ஆண்டுக்கு மாற்றப்பட்டிருக்கும். எனவே எண்ணை 2010 டாலராக வைத்துக்கொண்டு, படத்தில் 2007-இன் முடிவில் நிறுத்துங்கள். அதைவிட நல்லது, புள்ளி போடாமல் 2005-இலிருந்து 2010 வரை ஒரு படுக்கைக் கோடு இழுப்பது. பார்க்கிறவருக்கு இது சராசரிக் காலம் என்று உடனே புரியும்.

மூன்றாவது, ஒன்றின்மேல் ஒன்று விழும் தொகுப்புகள். 2010–2014-உம் 2011–2015-உம் நான்கு ஆண்டுப் பதில்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 2015-க்கும் 2010-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் கோடு அவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது. சிலர் இதைத் திருப்பிப் போட்டு, வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கி ஒற்றை ஆண்டைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். பிழையும் ஐந்து மடங்காகும், வருவது வெறும் இரைச்சல்.

எந்தத் தொகுப்புகளை எடுப்பது என்றால் என் தேர்வு 2009–2013, 2014–2018, 2019–2023. மூன்றும் ஒன்றோடொன்று உரசாது. 2006–2010-இல் தொடங்கினால் மூன்றாவதாக 2016–2020 வரும், அதன் கடைசி ஆண்டு கொரோனாவில் சர்வே தடுமாறிய 2020. அந்த ஆண்டின் ஓராண்டு எண்களைப் பரிசோதனை மதிப்பீடு என்ற பெயரில்தான் வெளியிட்டார்கள், ஐந்தாண்டுத் தொகுப்பும் 2022 மார்ச் வரை தள்ளிப்போனது. 2019–2023-இலும் 2020 இருக்கிறதுதான், ஆனால் எப்படியும் அதிலிருந்து தப்ப முடியாது.

சோதனை எப்படி என்றால்: பி19013-இல் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் பிழை வரம்பு 90 சதவீத நம்பிக்கைக்கு உரியது. 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை. இரு தொகுப்புகளையும் ஒரே ஆண்டு டாலருக்குக் கொண்டுவாருங்கள். பிழை வரம்பையும் அதே காரணியால் பெருக்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிறகு வித்தியாசத்தை, இரு திட்டப்பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால் வகுக்கவும். கற்பனை எண்ணில் சொன்னால்: 25,000 கூட்டல் கழித்தல் 2,400 ஒரு பக்கம், 27,500 கூட்டல் கழித்தல் 2,700 மறுபக்கம். திட்டப்பிழை 1,459, 1,641. சேர்ந்தது 2,196. 2,500-ஐ 2,196-ஆல் வகுத்தால் 1.14. இது 1.645-ஐ எட்டவில்லை, ஆக "ஏறியது" என்று எழுத முடியாது. 10 சதவீத வித்தியாசமே இப்படித்தான் அடிபட்டுப் போகும். சின்னக் கவுண்டிகளின் இயல்பு அது.

ஓர் ஆண்டு மட்டும் பொதுவாக இருந்தால், உதாரணமாக 2005–2009-ஐயும் 2009–2013-ஐயும் ஒப்பிட வேண்டி வந்தால், அந்தச் சேர்ந்த திட்டப்பிழையை 0.8-இன் வர்க்கமூலத்தால், அதாவது 0.894-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு பொதுவாக இருப்பதற்கான திருத்தம் அது.

வடகரைவாசி பதில்:

கணக்கன் சொன்னதெல்லாம் சரிதான். ஆனா எஸ்ஏஐபிஇ பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆண்டுவாரியாக ஒரு கவுண்டிக்கு எண் வேண்டும்னா அதை விட்டா வேறு வழி கிடையாது. 1989, 1993, 1995 ஆண்டுகளுக்கு இருக்கு. 1997-இலிருந்து வருஷா வருஷம் வருது. ஒவ்வொரு எண்ணும் ஒற்றைக் காலண்டர் ஆண்டுக்கானது, 90 சதவீத இடைவெளியோடு தர்றாங்க.

இது நேரடி சர்வே எண் இல்லை, மாடல். 65,000-க்குக் கீழே வெளியிடாத ஓராண்டு ஏசிஎஸ் மதிப்பீடு ஒவ்வொரு கவுண்டிக்கும் உள்ளே இருக்கும். அதை ஒரு பக்கம் வைத்து, வருமான வரி ரிட்டர்ன்கள், ஸ்னாப் உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை, பிஇஏ வருமானம், பழைய சென்சஸ் எண் இதையெல்லாம் போட்டு ரிக்ரெஷன் ஓட்டி இன்னொரு மதிப்பீடு எடுக்கறாங்க. கடைசி எண் இந்த இரண்டின் எடையிட்ட சராசரி. சாம்பிள் சின்னதா இருந்தா எடை ரிக்ரெஷன் பக்கம் சாயும். மெக்டவல் மாதிரி இடத்தில் ரொம்பவே சாயும்.

நீலமலர் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். ஒன்று, 2004-க்கும் 2005-க்கும் நடுவில் ஒரு முறிவு இருக்கு. அதுவரை மாடலுக்கு அடித்தளம் சிபிஎஸ் (Current Population Survey) சர்வே, 2005-லிருந்து ஏசிஎஸ். அந்த இடத்தில் தெரியும் குதிப்பை வருமான மாற்றம்னு எழுதிடாதீங்க, கோட்டை அங்கே வெட்டி விடுங்க. இரண்டு, அந்த எண்கள் அந்தந்த ஆண்டு டாலரில் இருக்கும். ஏசிஎஸ் மாதிரி யாரும் மாற்றித் தர மாட்டாங்க, நீங்களே செய்யணும். உங்க இரண்டு தொடரும் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும். மீதிக் காரணம், ஒன்று ஒற்றை ஆண்டு, மற்றது ஐந்தாண்டுக் கலவை.

கரிசல்கணக்கன் பதில்:

எஸ்ஏஐபிஇ-யைப் பின்னணியில் மெல்லிய கோடாகப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை வைத்துக் கதை சொல்வதில்தான் ஆட்சேபம். ஒரு சுரங்கம் மூடிய ஆண்டில் மெக்டவலில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமானால், வரி ரிட்டர்னிலும் ஸ்னாப் பட்டியலிலும் தெரிகிற அளவுதான் மாடலில் தெரியும். அதே பண்புகள் உள்ள மற்ற கவுண்டிகள் போன வழியில் இதையும் இழுத்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளின் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், நான் மேலே சொன்ன எளிய சோதனையை அங்கே போட முடியாது.

வடகரைவாசி பதில்:

அதை ஒப்புக்கறேன். ஆனா ஐந்தாண்டுக் கலவையிலும் அந்தச் சுரங்கம் மூடிய ஆண்டு தெரியாதே! 2008–09 மந்தம் வந்து போனதே 2006–2010-க்குள்ளே கரைஞ்சு போச்சு. திசை மாறும் ஆண்டைப் பிடிக்க எஸ்ஏஐபிஇ, மட்டத்தைப் பிடிக்க ஏசிஎஸ். என் பழக்கம் இதுதான்: எஸ்ஏஐபிஇ-யின் ஐந்து ஆண்டு எண்களை விலை திருத்தி சராசரி எடுத்து, அதே காலத்து ஏசிஎஸ்ஸின் பிழை வரம்புக்குள்ள வருதான்னு பார்ப்பேன். வந்தா அந்த வடிவத்தை நம்பலாம். வெளியே போனா அந்தக் காலத்தில் ஆண்டுவாரி எண் எதையும் எழுத மாட்டேன்.

தாமிரச்சொம்பு பதில்:

1979-ஐ எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அங்கேதான் குறியீட்டுத் தேர்வு வேலையைக் கெடுக்கும்.

சிபிஐ-யூ 1979-இல் 72.6, 1999-இல் 166.6. காரணி 2.295. ஆனால் 1983 வரை அந்தக் குறியீடு சொந்த வீட்டுச் செலவை வீட்டு விலை, அடமான வட்டி இவற்றைக் கொண்டு அளந்தது. பிறகுதான் வாடகைக்குச் சமமான மதிப்புக்கு மாறியது. 1970-களின் இறுதியில் வட்டி ஏறிய வேகத்தில் பணவீக்கம் மிகைப்பட்டுத் தெரிகிறது. அந்தக் காரணியால் பெருக்கினால் 1979 வருமானம் இன்றைய டாலரில் ஊதிப்போகும், அதன் பிறகு வந்த வீழ்ச்சியும் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். நிலக்கரி நல்ல நிலையில் இருந்த காலம் வேறு, ஆகவே படம் பார்க்க நாடகமாக இருக்கும், ஆனால் அந்த நாடகத்தில் ஒரு பகுதி வட்டி விகிதத்துடையது.

சிபிஐ-யூ-ஆர்எஸ் எடுங்கள். பின்னால் வந்த அளவீட்டு முறைகளைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்திக் கணக்கிட்ட தொடர் அது. 1999-க்குப் பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம், ஆகவே கணக்கன் போட்ட கணக்கு மாறாது. 1979, 1989 புள்ளிகள்தான் மாறும்.

இன்னொன்று. கவுண்டி அளவில் மீடியன் ஹவுஸ்ஹோல்டு வருமானம் 1969, 1979, 1989, 1999 ஆகிய நான்கு ஆண்டுகளுக்கு சென்சஸின் லாங் ஃபார்மிலிருந்து (ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் கொடுத்த நீண்ட படிவம்) கிடைக்கும். அதற்கும் பின்னால் போக ஆசைப்பட்டால் 1959-க்குக் கிடைப்பது ஃபேமிலி வருமானம். தனியாக வாழ்கிறவர்கள் அதில் இல்லை, ஆகவே எண் எப்போதும் உயரமாக இருக்கும். 2000 சென்சஸிலேயே மெக்டவலில் ஹவுஸ்ஹோல்டு மீடியன் 16,931, ஃபேமிலி மீடியன் 21,574. இந்த இரண்டையும் ஒரே கோட்டில் கோர்த்த வரைபடங்கள் இணையத்தில் உலவுகின்றன.

பழைய அட்டவணைகளை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் என்ஹெச்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் கவுண்டி வாரியாக இறக்கலாம். மெக்டவலுக்கு எல்லை மாற்றமோ, கவுண்டியை அடையாளம் காட்டும் குறியீட்டு எண்ணில் மாற்றமோ கிடையாது, 54047 அப்படியே இருக்கிறது. இதே வேலையை வேறு கவுண்டிக்குச் செய்கிறவர்கள் எச்சரிக்கை: தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015-இல் ஒக்லாலா லகோட்டா ஆனபோது குறியீடு 46113-இலிருந்து 46102 ஆனது. குறியீட்டை வைத்து இணைத்தால் தொடர் பாதியில் அறுந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. கனெக்டிகட்டில் இன்னும் மோசம், 2022 தரவிலிருந்து எட்டுக் கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்டமிடல் வட்டாரங்கள்.

நீலமலர் பதில்:

மிக்க நன்றி. 2009–2013-இலிருந்து தொடங்கி மாற்றிப் போட்டுவிட்டேன். பிழைக் கோடுகளோடு பார்த்தால் "சீரான ஏற்றம்" காணாமல் போய்விட்டது.

இன்னும் இரண்டு. பிழையைக் குறைக்க மெக்டவலோடு பக்கத்திலுள்ள வயோமிங், மெர்சர் கவுண்டிகளைச் சேர்க்கலாமா? மூன்று மீடியனையும் வீட்டு எண்ணிக்கையால் எடையிட்டுச் சராசரி எடுத்தால் போதுமா? பிஇஏ ஏன் அப்படி ஏறுகிறது?

கரிசல்கணக்கன் பதில்:

மீடியன்களைச் சராசரி எடுக்கக் கூடாது. எடை போட்டாலும் கூடாது. பி19001 அட்டவணையில் 16 வருமானப் பிரிவுகளில் எத்தனை வீடுகள் என்று இருக்கும். மூன்று கவுண்டிக்கும் பிரிவுவாரியாகக் கூட்டி, அதிலிருந்து புதிதாக மீடியன் எடுங்கள்.

கற்பனை எண்ணில் காட்டுகிறேன். மொத்தம் 8,000 வீடு, பாதி 4,000. 25,000 டாலருக்குக் கீழே 3,720 வீடு. 25,000–29,999 பிரிவில் 560 வீடு. பாதியை எட்ட இந்தப் பிரிவில் 280 வீடு போக வேண்டும். நேர்கோட்டு முறையில் 25,000 + 5,000 × 280/560 = 27,500.

வருமானம் ஏற ஏற வீடுகள் குறையும் என்று கொள்ளும் பரேட்டோ முறையில்: 25,000-க்கு மேல் உள்ளோர் பங்கு 0.535, 30,000-க்கு மேல் 0.465. முதலாவதை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுத்தால் 0.1402. 30,000/25,000-இன் மடக்கை 0.1823. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.769. பிறகு 25,000 × (0.535/0.5)-இன் 1/0.769 அடுக்கு. வருவது சுமார் 27,300. இருநூறு டாலர் வித்தியாசம், பிழை வரம்பை ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் தொடர் முழுக்க ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

ஒரு கவுண்டிக்கு மட்டும் இதைச் செய்து பி19013-உடன் ஒப்பிட்டால் துல்லியமாகப் பொருந்தாது. சென்சஸ் பீரோ 2,500 டாலர் அகலமுள்ள நுண்பிரிவுகளில் கணக்கிடுகிறது, உங்களுக்குக் கிடைப்பது 5,000 டாலர் பிரிவு. பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மூன்றைச் சேர்ப்பதில் வேறொரு சிக்கல். மெர்சரில் சுமார் 60,000 பேர். கூட்டினால் வருவது பெரும்பாலும் மெர்சரின் மீடியன். பிழை குறையும், மெக்டவலும் காணாமல் போகும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் வயோமிங்கை மட்டும் சேருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு.

தாமிரச்சொம்பு பதில்:

பிஇஏ பற்றி. முதலில் அது சராசரி, மீடியன் இல்லை. மொத்த வருமானத்தை மொத்த ஆட்களால் வகுத்தது. இரண்டாவது, பிஇஏ "தனிநபர் வருமானம்" என்று கணக்கில் எடுப்பதில் மெடிகேர், மெடிகெய்டு (முதியோர், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவும் முதலாளி கட்டும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பங்கும் அடக்கம். ஏசிஎஸ் கேட்பது கைக்கு வந்த பணத்தை மட்டும். ஸ்னாப் கூட அதில் வராது. முதியோரும் ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுவோரும் அதிகமுள்ள கவுண்டியில் ஆஸ்பத்திரிக்கு அரசு கட்டும் தொகை ஏற ஏற பிஇஏ எண் ஏறும். வீட்டில் ஒரு டாலர் கூடியிருக்காது. எவ்வளவு பங்கு என்று தெரிய வேண்டுமானால் பிஇஏ-யின் சிஏஐஎன்சி35 அட்டவணையில் உதவித்தொகை வகைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

அதற்கு எதிர்த்திசையில் இழுப்பது மெக்டவலின் வெல்ச் ஊருக்கு அருகே உள்ள கூட்டாட்சிச் சிறை. கைதிகள் மக்கள்தொகையில் எண்ணப்படுவார்கள், ஹவுஸ்ஹோல்டில் சேர மாட்டார்கள். ஆகவே மீடியன் ஹவுஸ்ஹோல்டு வருமானத்தை அவர்கள் தொடுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும் எந்த எண்ணையும், ஏசிஎஸ்ஸின் பி19301 (தனிநபர் வருமானம்) உட்பட, கீழே இறக்குவார்கள்.

யாராவது ஐஆர்எஸ் (வருமான வரித் துறை) கவுண்டித் தரவை எடுக்கச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். ரிட்டர்ன் வேறு, வீடு வேறு. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) மட்டும் வாங்குகிற முதியவர் ரிட்டர்ன் போடவே தேவையில்லை. 2008-இல் ஊக்கத்தொகை வாங்குவதற்காகவே அப்படிப்பட்டவர்கள் 2007 வரி ஆண்டுக்கு ரிட்டர்ன் போட்டார்கள். எண்ணிக்கை திடீரென்று துள்ளும், சராசரி திடீரென்று விழும். ஏழைக் கவுண்டிகளில் இந்தத் துள்ளல் பெரிதாகவே இருக்கும். கொரோனா உதவித்தொகை சமயத்திலும் அதே கதை.

வடகரைவாசி பதில்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இருபது வருஷத்தில் 8,000-க்கு மேல் ஆள் போன ஊர் இது. மீடியன் நகர்ந்தா, இருந்தவங்க வருமானம் மாறியதா, இருக்கிறவங்களே மாறிட்டாங்களான்னு அந்த ஒற்றை எண் சொல்லாது. வேலை செய்யும் வயதுக் குடும்பங்கள் கிளம்பிட்டா, யாருக்கும் சம்பளம் குறையாமலேயே மீடியன் இறங்கும். பி19049-இல் குடும்பத் தலைவர் வயதுவாரியா மீடியன் இருக்கு, 25–44, 45–64, 65-க்கு மேல் என்று. பிழை வரம்பு பயங்கரமா இருக்கும், ஆனாலும் 45–64-ஐயும் 65+-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்க. கூடவே பி19055 எடுங்க, சோஷியல் செக்யூரிட்டி வருமானம் உள்ள வீடுகள் எத்தனைன்னு அதில் வரும். எண்ணிக்கை அட்டவணைங்கறதால அதன் பிழை மீடியனைப் போல ஆடாது. மொத்த வீடுகளில் அதன் பங்கு 2009–2013-க்கும் 2019–2023-க்கும் நடுவில் தெளிவா ஏறியிருந்தா, மீடியன் கோட்டுக்குக் கீழே அதையும் ஒரு சின்னப் படமா வையுங்க.